மோட்சப் பயணத்தில் சோதனையும் வெட்கமும்

ஆங்கிலப் போதகரும் எழுத்தாளருமான ஜான் பன்யன் (1628–1688) எழுதிய 'மோட்சப் பயணம்' என்னும் உருவகக் கதையில் பயணிகளை வழிமறிக்கும் பாத்திரங்களுள் ஒன்று 'வெட்கம்'. முதற்பாகம் 1678-இலும் இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்த இந்நூலில் சிங்கங்கள், அரக்கன், அப்பொல்லியோன் எனப் பயங்கரமான எதிரிகள் பலர் வருகின்றனர். வெட்கம் என்பவனிடம் ஆயுதம் எதுவும் இல்லை. அவன் பேசுகிறான், அவ்வளவுதான். ஆயினும் அவனை விரட்டுவதே மிகக் கடினமாக இருந்தது என்று அவனைச் சந்தித்த பயணி கூறுகிறான். சோதனை, வெட்கம், கடவுளின் ஞானத்தை நம்புதல் ஆகிய மூன்றும் கிறிஸ்தவ வாழ்வில் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பன்யன் இப்பகுதியில் விளக்கியுள்ளார்.

சோதனை என்னும் சொல்

தமிழ் வேதாகமத்தில் 'சோதனை' என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களில் வழங்குகிறது. ஒருவரின் உறுதியைப் பரீட்சித்துப் பார்ப்பது ஒன்று. பாவம் செய்யும்படி இழுப்பது மற்றொன்று. ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் கடவுள் ஆபிரகாமைச் சோதிக்கிறார். யாக்கோபு நிருபம் 1:13-இலோ கடவுள் ஒருவரையும் சோதிப்பதில்லை என்று படிக்கிறோம். ஞாயிறு பள்ளி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முதலாவது இடத்தில் பரீட்சையும் இரண்டாவது இடத்தில் பாவத்துக்கு இழுத்தலும் பேசப்படுகின்றன என்று பிரித்துக்கொண்டால் முரண்பாடு நீங்கும். இது தமிழ் மொழிபெயர்ப்பின் குறையன்று. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்திலும் ஒரே சொல்தான் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. சோதிக்கப்படுவது பாவம் ஆகாது. இயேசு எல்லா விதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராக இருந்தார் என்று எபிரெயர் 4:15 கூறுகிறது. மனத்தில் ஒரு கெட்ட எண்ணம் வந்து மோதுவதும், அதற்கு இடங்கொடுத்து உட்கார வைப்பதும் ஒன்றல்ல. கேட்க எளிதாக இருக்கும் இந்த வேறுபாட்டை அறியாததால்தான் பன்யன் தம் இளமையில் பெருந்துன்பம் அடைந்தார்.

பன்யனின் சொந்த அனுபவம்

பன்யன் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையைப் போலவே அவரும் ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் தொழிலைச் செய்தார். ஊர் ஊராகச் சென்று செய்யும் இத்தொழிலுக்கு அக்காலத்தில் மதிப்பு கிடையாது. கல்வியும் குறைவு. அவருடைய முதல் மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள் மட்டுமே.

1666-இல் வெளியான தம் ஆன்மிக வரலாற்றில் பன்யன் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். அவர் ஒருநாள் ஒரு வீட்டுச் சன்னலருகே நின்று வழக்கம்போலக் கண்டபடி சபித்து ஆணையிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பெண் ஒருத்தி அதைக் கேட்டு அவரைக் கண்டித்தாள். அவளே ஊரில் நல்ல பெயர் எடுத்தவள் அல்லள். அப்படிப்பட்டவள் வாயிலிருந்தே கண்டனம் வந்தபோது அவர் தலை குனிந்து நின்றார். மீண்டும் சிறு குழந்தையாகி, சபிக்காமல் பேசத் தந்தையிடம் கற்றுக்கொள்ள முடிந்தால் நல்லது என்று விரும்பினார். அன்றுமுதல் அப்பழக்கம் அவரைவிட்டு நீங்கியது. இது நன்மை செய்த வெட்கம்.

பின்னர் வந்தது வேறு வகை. கிறிஸ்துவில் தமக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது என்று அவர் நம்பத் தொடங்கிய பிறகே கொடிய சோதனை ஒன்று பற்றிக்கொண்டது. கிறிஸ்துவை இவ்வுலகப் பொருள் ஏதாவது ஒன்றுக்கு விற்றுவிடும்படி ஓர் எண்ணம் ஏறத்தாழ ஓர் ஆண்டுக் காலம் அவர் மனத்தில் ஓயாமல் ஒலித்தது. உணவு உண்ணும்போதும், கீழே கிடக்கும் ஓர் ஊசியைக் குனிந்து எடுக்கும்போதும், விறகு பிளக்கும்போதும் அது விடவில்லை. மாட்டேன், மாட்டேன் என்று எதிர்த்து எதிர்த்துக் களைத்துப்போன ஒரு காலைப்பொழுதில், கிறிஸ்து விரும்பினால் போகட்டும் என்ற எண்ணம் தம் உள்ளத்தில் கடந்து சென்றதாக அவர் உணர்ந்தார். அவ்வளவில் தாம் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக முடிவு கட்டினார். ஒருவேளை உணவுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்ற ஏசாவைப் பற்றிய எபிரெயர் 12-ஆம் அதிகார வசனங்கள் அவரை வாட்டின. தாவீதின் பாவம், பேதுருவின் பாவம் என ஒவ்வொன்றோடும் தம் பாவத்தை நிறுத்துப் பார்த்து, தம்முடையதே கனமானது என்று கண்டார்.

ஒருநாள் அடுத்திருந்த ஊரின் தெருவில் ஒரு பலகையில் அமர்ந்திருந்தார். வானத்துச் சூரியன் தமக்கு ஒளி தர மனமில்லாமல் இருப்பதாகவும், தெருக் கற்களும் வீட்டுக் கூரை ஓடுகளும்கூடத் தமக்கு விரோதமாகத் திரும்புவதாகவும் அப்போது தோன்றியதாம். வெட்கம் முற்றிய மனிதனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாக எழுதியவர்கள் குறைவு. தைரியம் வருவித்துக்கொண்டு வயதான கிறிஸ்தவர் ஒருவரிடம் தம் நிலையைச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்று அந்தப் பெரியவர் பதில் அளித்தார். ஆலோசனை கேட்டு வருபவரிடம் எப்படிப் பேசக்கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

அவருக்கு விடுதலை ஒரே நாளில் வரவில்லை. மார்ட்டின் லூத்தர் கலாத்தியர் நிருபத்துக்கு எழுதிய விளக்கவுரையின் பழைய, கிழிந்த பிரதி ஒன்று முன்னமே அவர் கைக்குக் கிடைத்திருந்தது. தம் உள்ளத்திலிருந்தே அந்நூல் எழுதப்பட்டதுபோல் அவருக்குத் தோன்றியது. பிறகு ஒருநாள் வயல்வெளியில் நடந்துசென்றபோது, தம்முடைய நீதி தம் மனநிலையைப் பொறுத்தது அன்று, பரலோகத்தில் இருக்கும் கிறிஸ்துவே தம் நீதி என்ற உணர்வு அவருக்கு உண்டாயிற்று. தம் மனம் தெளிவாக இருக்கும் நாளில் அந்த நீதி கூடுவதுமில்லை, கலங்கிய நாளில் குறைவதுமில்லை என்று அவர் புரிந்துகொண்டார்.

இந்தப் பழைய வேதனை 'மோட்சப் பயண'த்தில் ஒரு சிறு காட்சியாக இடம்பெறுகிறது. மரண நிழலின் பள்ளத்தாக்கில் கிறிஸ்தியான் நடக்கும்போது தீய ஆவி ஒன்று பின்னால் மெல்ல வந்து, அவன் காதில் கடவுளைத் தூஷிக்கும் சொற்களைக் கிசுகிசுக்கிறது. அவை தன் மனத்திலிருந்தே எழுந்தவை என்று எண்ணி அவன் நடுங்குகிறான். காதைப் பொத்திக்கொள்ளவும், அவை எங்கிருந்து வருகின்றன என்று அறியவும் அவனுக்கு விவேகம் இல்லாமற்போயிற்று என்று ஆசிரியர் குறிப்பிடுகிறார்.

உண்மையுள்ளவன் சந்தித்தவர்கள்

கிறிஸ்தியானுக்கு வழித்துணையாக வரும் 'உண்மையுள்ளவன்' தான் கடந்துவந்த சோதனைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். முதலில் 'காமி' என்னும் பெண். யோசேப்பைப் போல அவளிடமிருந்து தப்பியதாகக் கூறுகிறான். ஆனால் முழுவதும் தப்பினாயா என்ற கேள்வி வரும்போது, அது தனக்கே தெரியவில்லை என்கிறான். பக்திக் கதைகளில் வரும் வீரர்கள் இப்படிப் பதில் சொல்வது அரிது.

அடுத்து, கடினமலையின் அடிவாரத்தில் 'முதலாம் ஆதாம்' என்ற முதியவன் வேலைக்கு அழைக்கிறான். அவன் ஊர் வஞ்சகம். வேலை இன்பம், கூலி அவனுடைய சொத்து முழுவதும். மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை என அவனுக்கு மூன்று புதல்வியர். 1 யோவான் 2:16-இல் சொல்லப்படும் மூன்றையும் பன்யன் பெண்களாக்கிவிட்டார். விரும்பினால் மூவரையும் மணந்துகொள்ளலாம் என்றும் கிழவன் சொல்கிறான். உண்மையுள்ளவனுக்கு முதலில் போகலாம் என்றே தோன்றியது. கிழவனின் நெற்றியில் எழுதியிருந்ததைப் படித்த பிறகே, அந்த வீட்டுக்குள் போனால் தன்னை அடிமையாக விற்றுவிடுவான் என்ற பயம் வந்தது.

தப்பி மலையேறியவனை மற்றொருவர் பின்தொடர்ந்து வந்து அடித்துத் தள்ளினார். ஏன் என்று கேட்டதற்கு, ஆதாமிடம் நீ இரகசியமாகச் சாய்ந்தாயே, அதற்காக என்று கூறி மறுபடியும் அடித்தார். இரக்கம் கேட்டபோது, இரக்கம் காட்ட எனக்குத் தெரியாது என்றார். அவர் மோசே, அதாவது நியாயப்பிரமாணம். கைகளிலும் விலாவிலும் காயத் தழும்புகள் உள்ள ஒருவர் வந்து நிறுத்தாவிட்டால் அடி நின்றிருக்காது. சட்டம் குற்றத்தைக் காட்டும், ஆனால் குற்றவாளியைத் தூக்கி நிறுத்தாது என்ற பவுலின் போதனை இந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

வெட்கத்தின் வாதங்கள்

தாழ்மையின் பள்ளத்தாக்கில்தான் வெட்கம் எதிர்ப்படுகிறான். அவனுக்குப் பெயர் பொருந்தவில்லை என்பது உண்மையுள்ளவனின் முதற்குறை. மற்றவர்கள் கொஞ்சம் வாதாடியபின் விலகிப் போனார்கள். இவனோ துளியும் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தான். வெட்கங்கெட்டவனுக்கு வெட்கம் என்று பெயர்!

அவனுடைய வாதங்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். எதுவும் பாவத்துக்கு நேரடியான அழைப்பு அல்ல. பக்தி என்பது இழிவான, கோழைத்தனமான காரியம் என்கிறான். சிறு விஷயத்துக்கும் கூசும் மனச்சாட்சி ஆண்மைக்கு அழகல்ல. வலியவர், செல்வர், அறிஞர் ஆகியோருள் எத்தனை பேர் இந்த வழியில் வருகிறார்கள்? வருபவர்கள் ஏழைகள், இயற்கை அறிவு இல்லாதவர்கள். பிரசங்கத்தைக் கேட்டு அழுவதும் பெருமூச்சுடன் வீடு திரும்புவதும் கேவலம். அற்பத் தவறுக்காக அயலானிடம் மன்னிப்புக் கேட்பதும், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் அவமானம். பெரிய மனிதர்களிடம் உள்ள சில குறைகளுக்காக அவர்களைவிட்டு விலகச் செய்கிறது பக்தி. அக்குறைகளுக்கு அவன் நாகரிகமான பெயர்களைச் சூட்டுகிறான். அதே பக்தி, ஒரே நம்பிக்கை உடையவர்கள் என்பதற்காகத் தாழ்ந்தோரை மதித்து அவர்களோடு பழகச் செய்கிறது. இது வெட்கம் இல்லையா என்று கேட்கிறான்.

இந்தப் பட்டியலில் கடைசி இரண்டு மூன்று வாதங்களே கூர்மையானவை. அழுவதும் பெருமூச்சு விடுவதும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், நான் செய்தது தவறு என்று சொல்ல வேண்டிய இடத்தில் எந்தக் காலத்து மனிதருக்கும் கால் தடுமாறும். கடன் வாங்கிய பணம், அளவில் குறைத்த நிலம், பிறர்மேல் சொன்ன பொய் ஆகியவற்றைச் சரிசெய்யாதபடி தடுப்பது பெரும்பாலும் ஆசை அல்ல, முகம் கொடுக்க முடியாத கூச்சமே. ஆக, தவறு செய்வதற்கு முன் வந்து தடுக்க வேண்டிய வெட்கம், திருத்திக்கொள்ளும் நேரத்தில் வந்து தடுக்கிறது. தமிழில் இதை எளிதாகப் பிரித்துப் பார்க்கலாம். திருக்குறள் 'நாணுடைமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துப் போற்றுவது, தகாத செயலுக்குக் கூசும் பண்பை. பன்யன் காட்டும் வெட்கம் அந்த நாணம் அன்று. ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம்.

உண்மையுள்ளவன் அளித்த பதில்

உண்மையுள்ளவனுக்கு உடனே பதில் வரவில்லை. முகத்தில் இரத்தம் ஏறிச் சிவந்துபோனது. ஏறக்குறையத் தோற்றே போனான். பிறகுதான் யோசித்தான். மனிதர் உயர்வாக மதிப்பது கடவுளுக்கு முன் அருவருப்பாக இருக்கக்கூடும் என்ற லூக்கா 16:15 அவன் நினைவுக்கு வந்தது. வெட்கம் இவ்வளவு நேரமும் மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றுதான் சொன்னான். கடவுள் என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கண்டுகொண்டான். இறுதி நியாயத்தீர்ப்பு நாளில் வாழ்வும் சாவும் உலகத்தின் வீம்புக்காரர்கள் சொற்படி அமையாது, உன்னதமானவரின் ஞானத்தின்படியும் சட்டத்தின்படியுமே அமையும். ஆகவே எல்லா மனிதரும் எதிர்த்து நின்றாலும் கடவுள் சொல்வதே சிறந்தது என்று முடிவு செய்தான்.

இங்கே கவனிக்கத்தக்கது, வெட்கத்தின் கூற்றுகளை அவன் பொய் என்று மறுக்கவில்லை. பயணிகள் ஏழைகள் என்பது உண்மைதான். வலியவர் அதிகம் பேர் இல்லை என்பதும் உண்மைதான். பவுல் அப்போஸ்தலரே 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் அதை ஒப்புக்கொள்கிறார். மறுக்கப்படுவது அளவுகோல். உலகத்தின் ஞானம் ஒரு முழக்கோலைக் கொண்டு அளக்கிறது, கடவுளின் ஞானம் வேறொன்றைக் கொண்டு அளக்கிறது. சிலுவை முதலாவது கோலின்படி பெரும் அவமானம். எபிரெயர் 12:2 இயேசுவைப் பற்றிச் சொல்லும்போது, அவர் அவமானத்தை உணராதவர் என்று கூறவில்லை. அதைப் பொருட்படுத்தாமல் சிலுவையைச் சகித்தார் என்றே கூறுகிறது.

பதில் சொன்ன பிறகும் வெட்கம் ஓடிவிடவில்லை. கூடவே வந்து காதில் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தான். நீ இகழும் காரியங்களிலேயே நான் அதிக மகிமையைக் காண்கிறேன் என்று அழுத்தமாகச் சொன்ன பின்னரே அவனை உதற முடிந்தது. இந்தப் பயணியே பின்னர் மாயாபுரிச் சந்தையில் கைது செய்யப்பட்டு, நீதிமன்றத்தில் நின்று, எரித்துக் கொல்லப்படுகிறான். ஊராரின் ஏளனத்துக்குப் பதில் சொல்லத் தனிவழியில் கற்றவன், ஊரே கூடிய சபையில் நிலைத்து நின்றான் என்று கதை அமைந்திருக்கிறது.

சிறையில் வந்த வெட்கம்

இவை கற்பனை மட்டுமல்ல. 1660 நவம்பரில், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்யன் கைது செய்யப்பட்டார். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை. அவர் கொடுக்கவில்லை. 1672 வரை பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். குடும்பத்துக்காகக் காலணி நாடாக்களுக்கு முனை கட்டி விற்றார். பார்வையற்ற மூத்த மகள் மேரியை நினைத்தபோது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போன்ற வேதனை உண்டானதாக எழுதியுள்ளார்.

சிறையின் தொடக்க நாட்களில், தாம் தூக்கிலிடப்படலாம் என்று எண்ணினார். அப்போது அவரை வருத்தியது சாவு மட்டுமல்ல. தூக்குமர ஏணியில் ஏறும்போது முகம் வெளுத்து முழங்கால் நடுங்கினால், பார்ப்பவர்கள் கடவுளையும் அவருடைய மக்களையும் ஏளனம் செய்வார்களே என்று கூசினார். கடவுளிடமிருந்து எந்த ஆறுதலும் அவருக்கு அப்போது கிடைக்கவில்லை. பல வாரங்கள் போராடியபின் ஒரு முடிவுக்கு வந்தார். தமக்கு ஆறுதல் தருவதும் தராமலிருப்பதும் கடவுளின் விருப்பம். தம் பொறுப்பு அவருடைய வார்த்தையில் நிற்பது. ஏணியில் ஏறும்போது கடவுள் வந்து தாங்கினால் நல்லது. தாங்காவிட்டாலும் அவர் பெயரை நம்பியே குதிப்பது என்று தீர்மானித்தார். கடவுளின் ஞானத்தை நம்புதல் என்ற சொற்றொடரை மேடையில் எளிதாகச் சொல்லிவிடலாம். பன்யனிடம் அது எந்த உறுதிமொழியும் கையில் இல்லாத நிலையில் எடுக்கப்பட்ட முடிவாக இருந்தது.

தமிழில்

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இக்கதை நெருக்கமானது. 'கிறிஸ்தவக் கம்பர்' எனப்படும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இதனைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தைப் பாடினார். அது 1894-இல் நூலாக வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். ஆங்கிலக் கிராமத்துப் பாத்திரத் தொழிலாளியின் உரைநடை, தமிழ்க் காப்பிய மரபின் விருத்தங்களுக்குள் வந்து அமர்ந்தது.

அதே பள்ளத்தாக்கில் வேறொரு பயணி

இரண்டாம் பாகத்தில் 'அச்சமுள்ளவர்' என்றொரு பயணி வருகிறார். வழிகாட்டியான 'பெருநெஞ்சர்' அவரைப் பற்றி நினைவுகூர்கிறார். வாசலில் தட்டக்கூடத் துணியாமல் மற்றவர்களுக்கு வழிவிட்டு விலகி நின்றவர் அவர். சிங்கங்களுக்கோ மாயாபுரிச் சந்தைக்கோ அவர் அஞ்சவில்லை. தாம் கடைசியில் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பதே அவர் கவலை. ஆனால் உண்மையுள்ளவனை வெட்கம் வழிமறித்த அதே தாழ்மையின் பள்ளத்தாக்கை அடைந்தபோது அவர் முகம் மலர்ந்தது. தரையில் படுத்து மண்ணைத் தழுவிக்கொண்டார். அங்கு வளர்ந்த பூக்களை முத்தமிட்டார். விடியற்காலையில் எழுந்து அந்தப் பள்ளத்தாக்கில் இங்குமங்கும் உலாவினார். கடைசியாக ஆற்றைக் கடக்க வேண்டிய நாளில் அவருடைய பழைய பயம் திரும்பியது. அன்று ஆற்றில் தண்ணீர் முன்னெப்போதும் கண்டிராத அளவுக்கு வற்றியிருந்தது. பாதத்துக்குச் சற்று மேல் நனையும் அளவிலேயே அவர் கரையேறினார்.